ஞானபாக்கியத்தின் மூக்கு

செம்பு நிறையத் தண்ணீரோடு ஞானபாக்கியம் வாசல்படிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி நிற்பாள். ஆறே கால் ஆனால் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கும். தவசிமுத்து சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, படியேறி வந்து செம்பை வாங்குவார். வாங்கியதும் குடித்துவிட மாட்டார். செம்பை வாய்க்குப் பக்கத்தில் தூக்கி நிறுத்திக்கொண்டு, நெடுக ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு அவளுக்கு. அவள் மூக்கு அதை வாங்கி, நிதானித்து, சரி என்று சொன்ன பிறகுதான் அவள் தோள்கள் இறங்கும். அதற்குள் அவர் அண்ணாந்து குடித்து முடித்திருப்பார். அவள் காப்பி போட அடுப்படிக்குப் போவாள்.

ஆறு வருஷமாக ஒருநாள் தவறாமல் இது நடக்கிறது. மகள் சாத்தூரிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்து இருந்த மூன்று மாதமும் நடந்தது. ஒருநாளும் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஞானபாக்கியத்திடம் ஒரு கணக்கு உண்டு. "கேட்டா அவிய பொய் சொல்லணும். பொய் சொன்னா மறைக்கணும். மறைக்கப் பழகிட்டா பொறவு குடிக்கிறது பெரிய காரியமா?" என்பாள். ஆகவே கேள்வியை மூக்கிடம் விட்டிருக்கிறாள். ஜலதோஷம் பிடித்தால் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். அவளுக்குப் பயம் பிடிக்கும். மிளகைத் தட்டிப் போட்டு மூன்று வேளை கஷாயம் குடிப்பாள். நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்து, மூக்கு திறக்கிறதா திறக்கிறதா என்று ஒரு துவாரத்தை அடைத்து மறு துவாரத்தால் இழுத்துப் பார்ப்பாள். அடைத்த மூக்கோடு ஒரு சாயங்காலம் வருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவளுக்கு ரோல் சுற்றும் வேலை. வெளுப்புக்குப் போய் வந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை அளவாகக் கிழித்து, சின்னக் கைப்பிடி மிஷினில் சுற்றி, ஓரம் பிசகாமல் கட்ட வேண்டும். மேஜைக்கு இருபுறமும் பன்னிரண்டு பெண்கள். அங்கேயும் அவள் மூக்குக்குப் பேர் உண்டு. பின்கட்டில் மோட்டார் சூடேறுவதை எலக்ட்ரீசியனுக்கு முந்தி அவள் சொல்லிவிடுவாள். மத்தியானம் யார் தூக்குவாளியில் குழம்பு ஊசிவிட்டது என்று மூடி திறக்குமுன் சொல்லுவாள். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வேலுத்தாய் அவளை விடுவதே இல்லை.

"நம்ம ஊர் நாய்க்குக் கண்ணு உண்டு, காலு உண்டு, மூக்கு மட்டும் கெடையாதும்பாவ. ஏட்டி ஞானபாக்கியம், நீ பேசாம எங்க தெரு நாய்கூட சோடி சேந்துக்கோ. அது ஓடட்டும், நீ மோந்து சொல்லு."

"ஒன் வாயும் சேந்தா கொலைக்கிறதுக்கும் ஆள் ஆச்சு," என்பாள் இவள், மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இப்படிப்பட்ட மூக்குள்ளவள், ஊரே மணம் என்று சொல்லும் ஒன்றை வீட்டுப் பக்கம் சேர்ப்பதில்லை. புதினா. சட்னிக்கு இல்லை, ரசத்துக்கு இல்லை, எதற்கும் இல்லை. பல்லுக்குப் பொடிதான், குளிர்ச்சியாக இருக்கும் பேஸ்ட் வராது. பேரன் ஊரிலிருந்து வந்தால் பெப்பர்மிண்ட் மிட்டாயை வாசலிலேயே தின்றுமுடித்து, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சபையில் அசனம் என்று பொது விருந்து நடக்கும். பந்தியில் இலைக்கு இலை கறிச்சோறு விழும்போது, அவள் மட்டும் ஒவ்வொரு பச்சை இலையாக விரல் நுனியால் எடுத்து இலையோரத்தில் ஒதுக்கிவைப்பாள், கல் பொறுக்குவதுபோல.

புதினாவைத் தெரியாதவள் அல்ல. அவளைவிடத் தெரிந்தவர்கள் சமையற்காரர்களில்கூட இருக்க மாட்டார்கள். "புதினாவுல மூணு இருக்கு" என்று ஒருமுறை வேலுத்தாயிடம் சொன்னாள். "கிள்ளின புதினா, மென்ன புதினா, மறைச்ச புதினா." கிள்ளினது விரலில் இருக்கும்; மழைக்கு முந்திய காற்றுபோல லேசாக, சுத்தமாக. மென்றது வாயில் இருக்கும். கொஞ்சம் காரம், கொஞ்சம் எச்சில். மூன்றாவது, அடியில் வேறொன்றை வைத்து மேலே பரப்பியது. அது முதலில் குளிர்ச்சியாக வந்து, மூக்கின் உள்ளே போய்த் தங்கி, பிறகு கசக்கும். ஈரத் துணியைப் போட்டு நெருப்பை அமுக்கினால் வருவதுபோல ஒரு புழுக்கம் அதற்குள் இருக்கும்.

அந்த மூன்றாவதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதுதான் அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லாதது.

எண்பத்தேழில் தவசிமுத்து இதே கம்பெனியின் லாரி ஓட்டினார். துணிப் பெட்டிகளை மதுரையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தி பிராந்திக் கடைக்குப் போவார். பிறகு பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு கட்டுப் புதினா வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ராஜபாளையம் வருகிறவரை இலை இலையாக உருவி மெல்லுவார். வீட்டு வாசலில் இறங்கும்போது வாயெல்லாம் புதினா. ஞானபாக்கியத்துக்குப் பிராந்தியின் வாடை என்னவென்றே அன்று தெரியாது. அவர் வருமுன்னே மணம் வரும். அவள் அதை விரும்பினாள். அவருக்குப் புதினா பிடித்துப்போயிற்று என்று நினைத்தாள். சட்னி அரைத்தாள், துவையல் அரைத்தாள். துவைக்கிற கல்லடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தண்டுகளை ஊன்றிவைத்தாள்; அது கரும்பச்சையாகப் படர்ந்து கிடந்தது. சட்டைப் பையில் பாக்குக் கறைபோலக் கறுத்துக் கிடந்த பச்சையைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கும்போதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லாரி புறப்படும்போது, வழியில் மென்றுகொள்ளட்டும் என்று, தன் கையால் ஒரு கொத்து கிள்ளிக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த வருஷம் மம்சாபுரத்துக்கு ரோடு பிரியும் விலக்குக்குப் பக்கத்தில் லாரி ஓடைக்குள் இறங்கியது. தவசிமுத்துவுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன் ராக்கப்பனுக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. ஞானபாக்கியம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தம் வழிகிற முகத்தோடு புதினாவை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "தின்னு, தின்னு. தின்னுட்டா எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கல்லடியில் படர்ந்து கிடந்ததை வேரோடு பிடுங்கி எறிந்தாள். மூன்று நாள் கையை எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் கேஸ் நடந்தது. தண்டனையும் ஆயிற்று, லைசென்ஸும் போயிற்று. தவசிமுத்து குடியை விட்டார். ஊரில் யாரும் நம்பவில்லை, ஆனால் விட்டார். லைசென்ஸ் திரும்பி வந்த பிறகும் ஸ்டீயரிங்கைத் தொடாமல் கம்பெனியிலேயே பெட்டி தூக்கினார். ராக்கப்பனை முதலாளி வைகுண்டராஜ் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார். தினமும் காலையில் அந்த கேட்டைத் தாண்டித்தான் ஞானபாக்கியம் உள்ளே போவாள். ராக்கப்பன், "வாங்க மயினி" என்று எப்போதும்போல் சொல்லுவான். அவன் கட்டையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கும் சத்தம் மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் மேஜை வரைக்கும் வரும்.

தொண்ணூற்று நாலில் முதலாளி நூல் மில் ஒன்று தொடங்கினார். கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம் பக்கத்துப் பெண்பிள்ளைகளைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுவிட ஒரு வேன் வாங்கினார். நம்பிக்கையான டிரைவர் அமையவில்லை. ஞானபாக்கியம் முதலாளி அறைக்குப் போய், கதவோரம் நின்றாள்.

"அவியகிட்டக் குடுங்க மொதலாளி."

"பதினெட்டுப் பொம்பளப் பிள்ளைக ஏறுற வண்டிம்மா அது."

"தெரியும். அவிய மறுபடி தொட்டா, நாலு பேரு வந்து சொல்றதுக்கு முந்தி நானே வந்து சொல்லுவேன். சாவியையும் நானே கொண்டாந்து தாரேன்."

வைகுண்டராஜ் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். பிறகு, "அவனை நம்பித் தரல. உன் மூக்க நம்பித் தாரேன்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலச் செம்பு இன்னும் கனத்துப்போயிற்று. முன்பெல்லாம் அவள் தன் வீட்டுக்காக மூச்சை இழுத்தாள். இப்போது பதினெட்டு வீட்டுக்காக இழுத்தாள்.

ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. தவசிமுத்து செம்பை வாங்கி, மூச்சை விட்டார். அவள் மூக்கில் புதினா பட்டது.

மிக லேசாகத்தான். வாயில் அல்ல, எங்கோ உடம்பில். அல்லது வாயில்தானோ. அவர் குடித்துவிட்டுச் செம்பை நீட்டியபோது அவள் வாங்க மறந்து நின்றாள். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். அன்று காப்பியில் சீனி போடவில்லை. அவர் சொல்லாமல் குடித்தார். ஏன் சொல்லவில்லை என்று அதையும் சேர்த்து யோசித்தாள். நாக்கு மரத்தவனுக்குத்தான் சீனி தெரியாது.

செவ்வாய்க்கிழமை சட்டையைத் துவைக்க எடுத்தாள். பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். மூலையில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு இலை, கறுத்துச் சுருண்டு, பல்லிவால் மாதிரி. பையின் அடியில் அதே பழைய கறை. அவள் சட்டையைக் கல்லில் போட்டுவிட்டு, பக்கத்தில் குந்தினாள். கல்லடியில் இப்போது ஒன்றும் முளைப்பதில்லை, வெறும் பாசி. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவள் சுற்றிய ரோல்கள் தொளதொளவென்று இருந்தன. வேலுத்தாய் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"என்னட்டி இது, கட்டுப் போட்டா காலோட கழண்டு வரும். மேஸ்திரி பாத்தா மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லுவாரு. ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் வெளுப்புக்குப் போட்ட துணி மாதிரி இருக்கு?"

ஞானபாக்கியம் எழுந்து, நேராக முதலாளி அறை வரை போனாள். வைகுண்டராஜ் தலை நிமிர்ந்தார். "என்ன ஞானபாக்கியம்?"

வாயைத் திறந்தாள். கறுத்த இலையும் கறையும்தான் கையிலிருந்தன. அவை போதுமா? போதாதென்றால் எது போதும்? இன்னொரு ஓடையா? ஆனால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், பிறகு அது பொய் என்று ஆனால்கூட, அவர் மறுபடி எந்த வண்டியிலும் ஏற முடியாது.

"பின்கட்டுப் பைப்புல தண்ணி சொட்டுது மொதலாளி," என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து மிஷின் கைப்பிடியைப் பிடித்தாள். முதலாளியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. பொய் சொன்னால் மறைக்க வேண்டும் என்ற தன் கணக்கு, இப்போது தன்மேலேயே ஓடுவதை அவள் பார்த்தாள்.

வியாழக்கிழமை விடியலில் தவசிமுத்து வேனை எடுக்கப் போனதும், அவள் முகம் கழுவி, சேலை மாற்றி, முதல் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். கூமாப்பட்டியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்கு வேன் அங்கே வரும். அவர் டீ குடிக்க ஐந்து நிமிஷம் நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும். முதலாளி வீட்டுப் போன் நம்பரை எழுதிய தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். அவர் தொட்டிருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு முன்சக்கரத்தின் எதிரில் உட்கார்ந்துவிடுவது, யாரையாவது விட்டுப் போன் போடச் சொல்வது. இவ்வளவுதான் திட்டம். மம்சாபுரம் விலக்கு அங்கிருந்து ஏழெட்டு நிமிஷ ஓட்டம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பால்கோவாக் கடைகளில் பால் காய ஆரம்பித்திருந்தது. விறகுப் புகையும் சுண்டும் பாலும் கலந்த வாடைக்கு நடுவே, அவள் மூக்கு தேடியது கிடைத்தது. வாசலோரம் ஈரச் சாக்கை விரித்து ஒரு கிழவி புதினாக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் மாறவில்லை. ஞானபாக்கியம் நாலு எட்டு தள்ளியே நின்றாள்.

"வாம்மா. இப்பத்தான் வந்த சரக்கு. மோந்து பாரு."

"எனக்கு வேண்டாம் ஆச்சி. சும்மா கேக்கேன். டிரைவருமாரு யாரும் இங்கன வாங்குறாவளா?"

"ஏன் வாங்காம? நெதம் ஒரு வேன்காரர் வருதாரு. நாலு கட்டு."

"ஒரு கட்டா?"

"நாலுன்னா நாலுதான். மூணு நாலு நாளா வாங்குதாரு. பிரியாணிக் கடை வச்சிருக்கியளா அண்ணாச்சின்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு. பேச்சே கெடையாது மனுசங்கிட்ட."

அந்தக் காலத்தில் ஒரு கட்டு. இப்போது நாலு. ஞானபாக்கியம் ரவிக்கைக்குள் அந்தத் தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பக்கத்துக் கம்பத்தோரம் ஒதுங்கி நின்றாள்.

வேன் வந்து நின்றது. தவசிமுத்து இறங்கி, டீக்கடைப் பக்கம் போகாமல் நேராகக் கிழவியிடம் வந்தார். நாலு கட்டை வாங்கித் திரும்பியபோதுதான் கம்பத்தோரம் நிற்பவளைப் பார்த்தார். கையிலிருந்த கட்டுகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு, அது எவ்வளவு வீண் என்று தெரிந்ததுபோல், மறுபடி முன்னால் கொண்டுவந்தார்.

"இங்கன எங்க?"

"ஒரு சோலி."

காலை ஆறே முக்காலுக்கு என்ன சோலி என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டடி தூரத்தில் நின்று மூச்சை இழுத்தாள். இழுத்த இழுப்பெல்லாம் புதினாவாகவே வந்தது. நாலு கட்டுப் பச்சைப் புதினாவை நெஞ்சோடு பிடித்திருக்கும் ஒருவரிடம் வேறு எதை மோந்து கண்டுபிடிப்பது? கண்ணைப் பார்த்தாள். விடியலில் எழுந்தவன் கண் சிவந்துதான் இருக்கும்.

"கம்பெனிக்குத்தான போகணும். ஏறு," என்றார்.

சாவியைப் பிடுங்குவதாக இருந்தால் அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும். அவள் ஏறினாள். பதினெட்டுப் பிள்ளைகள் ஏறிய வண்டியில் தானும் ஏறிக்கொள்வது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குச் செய்யத் தோன்றியது.

உள்ளே இன்னும் கெட்டியாக இருந்தது வாடை. டீசல், பவுடர், மல்லிகைப்பூ, எல்லாவற்றுக்கும் மேலே புதினா. தவசிமுத்து கட்டுகளை முன்சீட்டுப் பெண்ணிடம் நீட்டினார். அவள் சீட்டுக்கடியிலிருந்து ஒரு ஈரத் துணியை எடுத்து, பழைய தண்டுகளை உதறிவிட்டு, புதியவற்றை அதில் சுற்றினாள். அது காஸ் துணி. ஓரத்தைப் பார்த்ததும் ஞானபாக்கியத்துக்கு அடையாளம் தெரிந்தது. கரித்துணிக்கு ஆகும் என்று தான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அடுப்படியில் போட்டிருந்த வெட்டுத்துண்டு.

வண்டி நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும். வாடின ஒரு இலையை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கையை நீட்டி இன்னொன்றைக் கொடுத்தாள்.

"புதுசா சேந்திருக்கியளாக்கா? வாந்தி வருமா? இத மோந்துக்கிடுங்க. மெல்லக் கூடாது."

"எதுக்கு?"

"எங்க ஊர்ல இருந்து வளைஞ்சு வளைஞ்சு வாற ரோடுல்லாக்கா. இந்த டீசல் நாத்தம் ஆகாம மொத வாரமெல்லாம் ஆள் மாத்தி ஆள் கக்குனோம். மேஸ்திரி, வண்டிய நாறடிக்கிறவளுக்கு நாளையிலேருந்து வேலை இல்லன்னுட்டாரு. எங்க ஊருப் பெத்தம்மாங்கிற பிள்ள அழுதே போட்டா. மறுநா டிரைவர் மாமா இதக் கொண்டாந்தாரு. வயித்த அடக்கும், எனக்குத் தெரியும்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாயங்காலம் எல்லாருகிட்டயும் கசங்கின எலய வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிடுவாரு. எங்க ஊரு அடிபம்புல கையில மண்ணைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சிட்டுத்தான் வண்டியத் திருப்புவாரு. மணமாத்தான இருக்கு, ஏன் மாமான்னு கேட்டா, வீட்ல ஆகாதுன்னாரு."

"அவரு திங்க மாட்டாராக்கும்?"

"ஒரு எல வாயில வச்சிப் பாத்ததில்ல."

ஞானபாக்கியம் இலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அதை ஒதுக்கிப் போடவில்லை. சொரசொரவென்று, ஓரம் வெட்டுப்பட்டு, நரம்பு தெரிய, எப்போதும்போல்தான் இருந்தது. வயிற்றை அடக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. குடித்த வயிற்றை அடக்கி அடக்கிப் பழகியவர்.

ஆனாலும் அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். குடித்திருந்தால் தவசிமுத்து சும்மா சும்மா ஹாரன் அடிப்பார், காக்காய்க்குக்கூட அடிப்பார். மூக்கு உதவாத இடத்தில் அவளுக்கு அதுதான் மிச்சம். ஊர் எல்லை தாண்டியது. ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தபோது ஒரே ஒரு ஹாரன். மம்சாபுரம் விலக்கு வந்தது. வண்டி வேகம் குறைந்து, மாட்டுவண்டிபோல நடந்து, ஓடைப் பாலத்தைத் தாண்டியது. முன்கண்ணாடியில் அவர் கண் ஒருதரம் அவளைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பியது. பதினெட்டுப் பெண்களும் இலையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு பாலம், அவ்வளவுதான்.

கம்பெனி வாசலில் அவளை இறக்கிவிட்டார். ராக்கப்பன் கட்டையை ஊன்றி எழுந்து, "வாங்க மயினி, இன்னைக்கு வேன்லயா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினாள். அன்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

மேஜையில் உட்கார்ந்ததும் வேலுத்தாய் மூக்கைச் சுளித்தாள்.

"என்னட்டி, சீமையில இல்லாத அதிசயமா இருக்கு. ஒன்மேல புதினா வாடை அடிக்கி."

"வேன்ல வந்தேன்."

"வேன்ல வந்தியா, பிரியாணிச் சட்டியில வந்தியா? எம்மாடி, சேலை முழுக்கல்லா இருக்கு. இந்த வாடைக்கு நீ ஒரு குவார்ட்டர ஊத்திட்டு வந்திருந்தாக்கூட ஒரு பயலுக்கும் தெரியாது."

மேஜை முழுக்கச் சிரித்தது. ஞானபாக்கியத்தின் கை மிஷினில் நின்றுவிட்டது.

அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலமும் புதினா வரும். நாளையும் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு வயிறு பழகுகிறவரை வரும். பழகிய பிறகு புதுப் பிள்ளைகள் வரும். வேண்டாம் என்று அவள் சொல்லலாம். சொன்னால் பெத்தம்மாள் வேலை போகும். சொல்லாவிட்டால், தினமும் வாசலில் வந்து நிற்கிற அந்த மூச்சில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இனி அவளால் சொல்ல முடியாது. அவர் தொடவில்லை, இன்று தொடவில்லை. நாளைக்குத் தொட்டால்? ஆறு வருஷம் அவள் தேய்த்துத் தீட்டி வைத்திருந்த ஒன்று, ஒரு வார்த்தைகூட இல்லாமல், அவள் கண்முன்னே பழுதாகிவிட்டது. அதைப் பழுதாக்கியவர்மேல் குற்றம் சொல்லவும் இடமில்லை.

மத்தியானம் வைகுண்டராஜ் பின்கட்டைப் பார்க்க வந்தவர், அவள் மேஜைக்கருகில் நின்றார்.

"பைப்பு எங்கயும் சொட்டலயேம்மா."

"நின்னுட்டுது மொதலாளி."

அவர் போகத் திரும்பி, ஏதோ நினைவு வந்ததுபோல் நின்றார். "தவசி எப்பிடி இருக்கான்? உன் மூக்கு என்ன சொல்லுது?"

ஞானபாக்கியம் சுற்றிக்கொண்டிருந்த ரோலை ஒருதரம் இறுக்கிக் கட்டினாள். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இவர் சாவியை வாங்கிவிடுவார்.

"நல்லாருக்காவ," என்றாள்.

மூக்கைக் கேட்காமல் அவள் சொன்ன முதல் பதில் அது. சாயங்காலம் வரை ரோல்களை இரண்டு இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

ஆறே காலுக்குச் சைக்கிள் மணி கேட்டது. அவள் செம்போடு வாசல்படிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி நின்றாள். தவசிமுத்து செருப்பைக் கழற்றினார். விரல் இடுக்குகளெல்லாம் மண் போட்டுத் தேய்த்துச் சிவந்திருந்தன.

"சொல்லணும்னுதான் நெனைச்சேன்," என்றார். "எப்பிடிச் சொல்லன்னுதான்…"

"தண்ணியக் குடிங்க."

அவர் செம்பை வாங்கினார். வழக்கம்போல வாய்க்கு அருகே தூக்கி நிறுத்தி, அவளுக்காக நெடுக ஒரு மூச்சு விட்டார். ஞானபாக்கியம் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை அடக்கிக்கொண்டே நின்றாள்.